ஹீட்டர் மேல காயவச்ச மிளகாய்

அன்புள்ள அய்யாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்க முழங்கால் வலி தேவலையா? இங்கன ஜெர்மனியில இன்னும் குளிரு விடல.

அம்மா அனுப்புன குண்டு மிளகாய் வழியில ஈரம் பட்டு வந்துச்சு. தங்குற ரூம்புல எடமில்லன்னு லேப் ஹீட்டர் மேல ரெண்டு நாள் பரப்பி வச்சேன். பூஞ்சை ஆராய்ச்சி பண்ணுறவ செய்யிற வேலையா அது? மிளகாயில இருந்த கறுப்புப் பூஞ்சை பறந்து, சோப்புத்தூள்ல அழுக்கைக் கரைக்கிற நொதியைச் சுரக்கட்டும்னு ஜீனை மாத்தி நான் அஞ்சு மாசமா வளத்த பூஞ்சைத் தட்டு அத்தனையிலயும் ஏறிருச்சு. எல்லாத்தையும் ஆவியில அவிச்சுக் கொட்டியாச்சு. பேராசிரியர் திட்டல. முதல்ல இருந்து ஆரம்பின்னு மட்டும் சொன்னாரு.

அதனால பங்குனியில மிளகாய் பறிப்புக்கு வர முடியாதுய்யா. அம்மாகிட்ட லீவு கிடைக்கலன்னு சொல்லுங்க.

முடிஞ்சா ஒரு தைலப் பாட்டில் அனுப்புங்க. கழுத்து வலிக்குது. தேச்சுவிட ஆளில்ல, நானே தேச்சுக்கிறேன்.

தட்டு கழுவப் போகணும், நேரமாச்சு. மிளகாயையும் கொட்டச் சொன்னாங்க, கொட்டிட்டேன். அம்மா கேட்டா, உன் மக அம்புட்டையும் தின்னு தீத்துட்டா, இன்னும் வேணுமாம்னு சொல்லிருங்க.

உங்க மக,
சத்யப்பிரியா