ஒகுன்டேலேயின் கன்னம்

மார்ச் 3, 1986, திங்கள்
போர்த்தலைவர் ஒகுன்டேலேயின் களிமண் தலை முடிந்தது. அவர் காலத்தில் இந்த ஊரில் போட்டோ ஏது? முகம் முழுக்க என் மூளையிலிருந்து வந்தது. ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். வாத்தியார் என்னைப் பொறாமையில்தான் அடித்திருக்கிறார். தலையைப் பார்க்க நாற்பது பேர் வந்தார்கள். ஏழு என்கிறாள் என் மனைவி அபேனி. அவளுக்கு எண்ண வராது.

மார்ச் 4
கன்னத்துக்கு நான்கு கோடு கீறினேன். என் கன்னத்தில் இருக்கும் அதே கோடுகள். ஒகேதா ஊரில் எங்கள் குடும்பத்தார் மட்டும் கைக்குழந்தையின் கன்னத்தில் கத்தியால் கீறிப் போடும் குலக்குறி.
"அவரு உங்க ஊரே இல்லியே" என்றாள் அபேனி.
"என் கொள்ளுத்தாத்தாவும் அவரும் ஒரே தட்டுல சாப்பிட்டவங்க."
அந்த நிமிஷம் தோன்றியதுதான். நன்றாகவே இருக்கிறது.
"டயோ அப்பா, முதல்ல உங்க நாக்குக்கு ஒரு சிலை வைங்க."

மார்ச் 5
துணிக்கடை மொரோன்கே அம்மா வந்தார். ஒகுன்டேலேயின் பேத்தி, சிலைக் குழுவின் தலைவி. கோடுகளைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்.
"யாரு சொன்னா உனக்கு?"
"என் கொள்ளுத்தாத்தா..."
"எங்க தாத்தா ஒகேதாவுல புடிச்சிட்டு வந்த அடிமைப் புள்ள, மேஸ்திரி. சந்தையில வித்தாங்க. அப்புறம் சண்டையில ஜெயிச்சுத்தான் தலைவரானாரு. தெரிஞ்சவங்க எல்லாம் போயாச்சு. மிச்சம் நான்தான்."
கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.
"வழிச்சிடு. சனிக்கிழமை சிலை வார்க்க அச்சு எடுக்கிறதுக்குள்ள. இல்லேன்னா இந்தச் சிலையே வேணாம். அடிமைக்கா சிலைன்னு ஊரு சிரிக்கும்."
நான் சும்மா போட்டதுதானே? அளந்து விட்டதுதானே? அப்போ அவர் கன்னத்தில் நிஜமாகவே இந்தக் கோடுதானா?

மார்ச் 6
வழித்துவிட்டேன். ஒகேதாவில் எவளோ ஒருத்தி அந்தப் பிள்ளையைத் தேடிக் கத்தியிருப்பாள். எங்க வீட்டுப் பொம்பளை. எங்க பிள்ளை. ஒருத்தர்கூடச் சொல்லலியே?

மார்ச் 7
மொரோன்கே அம்மா சரிபார்க்க வந்தார். வழவழவென்றிருந்த முகத்தின் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.
"யாரு இது?"
"நீங்க சொன்னபடிதான் அம்மா..."
"எங்கப்பா சின்னதுல அவரு மடியில உக்காந்து அந்தக் கோட்டுல விரல் ஓட்டுவாராம். இதுல எங்க ஓட்டுறது?"
தன் விரலை அந்தக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.
"போடு. சிரிக்கிறவன் சிரிக்கட்டும்."
போட்டேன். இடது கன்னத்தில் நான்காவது கோட்டின் நடுவில் என் மணிக்கட்டைப் பிடித்தார்.
"அது பாதிதான். கீறும்போது புள்ள திமிறிடுச்சாம்."

மார்ச் 8, சனி
அச்சு எடுத்தோம். மொரோன்கே அம்மா கடையைப் பூட்டிவிட்டு வந்து முடியும்வரை நின்றார். போகும்போது மேஸ்திரி என்று கூப்பிடவில்லை. "வரேன் தம்பி" என்றார்.