சத்தம் நிற்காத தண்ணி லொறி

யூலை 9, செவ்வாய்

இன்றும் மழையில்லை. கிணறுகள் உவர்த்துவிட்டதால் சுருவில் ஊர் முழுக்க எங்கள் தண்ணி லொறியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. காலையில் போன துஷ்யந்தன் மத்தியானம் தாண்டித்தான் சாப்பிட வந்தார். மதவடியில் திரும்பும்போதே கேட்டது. கிறீச், கிறீச், பிறகு ஒரு முனகல். மகள் அம்பிகை கொப்பியிலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்பா வாறார்" என்றாள்.

லொறியின் பாரம் தாங்கும் வில்லுத்தகட்டுக்குப் புதுப் புஷ், அந்த வளையம், போட்டதிலிருந்து இந்தச் சத்தம். ஒரிஜினல் கிடைக்காமல் வேறு கொம்பனிச் சாமான் போட்டது. தண்ணித் தாங்கி நிரம்பியிருந்தால் ஒரு விதம், வெறுமையாக வந்தால் இன்னொரு விதம்.

சாப்பிட்டுக் கை கழுவியதும், "ஊர்காவற்றுறைக்கு, நிலாந்தினியின்ர கடைக்குப் போட்டு வாறன். இதை ஒருக்காக் காட்டவேணும்" என்றார்.

காட்டட்டும்.

யூலை 13, சனி

திரும்பவும் ஊர்காவற்றுறை. திரும்பவும் சத்தம்தான் காரணம். இந்த முறை தோய்த்து மடித்த சேட் மாற்றிக்கொண்டு போனார்.

யூலை 18, வியாழன்

வங்கிக்குப் போன இடத்தில் அந்தக் கடையைப் பார்த்தேன். வாசலில் எங்கள் லொறி. உள்ளே போகவில்லை. எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நிற்பதுபோல நின்றேன்.

நிலாந்தினியின் அப்பா தம்பையா தெற்கே மாத்தறையில் கடை வைத்திருந்தவர். அங்கே பிறந்து வளர்ந்ததால் அவ கொழும்புக்கு போன் போட்டுச் சிங்களத்தில் சண்டை பிடித்துச் சாமான் எடுப்பாவாம். அப்பா செத்தபின் இங்கே இந்த வாகன உதிரிப்பாகக் கடையைத் தனியே நடத்துகிறா. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் இவர் சொல்லித்தான். "நிலாந்தினி சொல்லுறா, டயரை மாத்திப் போடட்டாம்." "நிலாந்தினி சொல்லுறா, இந்த முறை மாரி பிந்துமாம்." மழைக்கும் அவதான் பொறுப்போ?

பெரிய வடிவு என்றில்லை. அதுதான் இன்னும் எரியுது. வடிவெண்டால் பார்க்கப் போறார் எண்டு விட்டிடலாம். இவர் ஏதோ சொல்ல அவ கதிரையில் சாய்ந்து சிரித்தா. அப்படி என்ன சொன்னார்? எனக்கு ஏன் அதைச் சொல்லேல்லை?

யூலை 21, ஞாயிறு

அவர் நித்திரையாக இருக்கும்போது போனில் வீடியோ பார்த்தேன். தமிழ்நாட்டு மெக்கானிக் ஒருவர் விளக்குகிறார். கடினமான புஷ்ஷை வறட்டில் பூட்டினால் சத்தம் போடுமாம். அதற்கென்று ஒரு கிறீஸ் இருக்காம். ஆணியை இறுக்கும்போது வண்டியின் பாரம் சில்லில் இருக்கவேண்டுமாம். அந்தரத்தில் தொங்கவிட்டு இறுக்கினாலும் முனகுமாம்.

இவ்வளவுதானா? இதற்கா இத்தனை தரம் ஊர்காவற்றுறை?

யூலை 29, திங்கள்

லொறிக்குள் கூட்டினேன். இவருக்கு அது பிடிக்காது, என்றாலும் கூட்டினேன். ஆசனத்துக்குப் பின்னால் புஷ் வந்த மட்டைப்பெட்டி. அதற்குள் ஒரு சின்னப் பக்கற். வெட்டாத பக்கற். வீடியோவில் காட்டிய அதே கிறீஸ்.

எடுத்து என் காசுப்பைக்குள் வைத்தேன். மருந்தை வாங்கி ஒளிச்சு வைச்சிட்டு வருத்தமெண்டு சொல்லித் திரியுற ஆளோ இவர்? மறந்திருப்பாரோ? மறக்கிற ஆளில்லை. ஐயோ, அப்ப அவவும் சேர்ந்தோ?

இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு. அவர் நல்லாயிருக்கு என்றார். நான் சட்டியை மூடி வைத்தேன்.

ஓகஸ்ட் 3, சனி

கடைக்குப் போனேன். சண்டைக்குத்தான் போனேன். பக்கற்றைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

"நான் துஷ்யந்தன்ர மனிசி. இதென்ன?"

அவ பக்கற்றைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா. "புஷ்ஷோட குடுத்தது அக்கா. போட்டுத்தான் பூட்டவேணுமெண்டு அண்டைக்கே அண்ணைக்குச் சொன்னனான்."

அண்ணை! அண்ணை எண்டு கூப்பிட்டால் எல்லாம் சரியோ?

"அப்ப ஏன் சத்தம் சத்தமெண்டு இஞ்ச வாறார்?"

"போட்டும் நிக்கேல்லை எண்டவர். நானும் நம்பி, கொழும்புக்கு போன் அடிச்சு, சாமான் சரியில்லை எண்டு அவங்களோட வாய்ச்சண்டை பிடிச்சனான்."

சொல்லச் சொல்ல அவவுக்கும் விளங்கிவிட்டது. முகம் மாறியது. கோபமா வெட்கமா தெரியவில்லை. பக்கற்றைத் திரும்ப என் பக்கம் தள்ளினா.

"அக்கா, என்னை அப்பிடி நினையாதேங்கோ" என்றா மெல்ல.

நினைத்தேன். இப்போதும் முழுக்க விடவில்லை. ஆனால் நடிக்கிற முகமில்லை அது.

"லொறியை ஒரு நாளைக்குக் கொண்டாங்கோ. நாங்களே போட்டுவிடுவம்" என்றா.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

எழுவைதீவில் செத்துப்போன அவருடைய மாமாவின் அந்தியேட்டிக் கிரியை. காலையில் ஊர்காவற்றுறைத் துறையில் லொறியை விட்டுவிட்டுப் படகேறினார். நான் அடுத்த பஸ்ஸில், லொறியைத் திறக்கிற மற்றத் திறப்போடு போனேன்.

எனக்கு லொறி ஓட்டத் தெரியாது. நிலாந்தினிக்கு போனில் சொல்லியிருந்தேன், அவதான் துறைக்கு வந்து ஏறி ஓட்டினா. அவர் இருக்கிற ஆசனத்தில், அவர் பிடிக்கிற ஸ்ரேறிங்கில் அவவின் கை. உதவி செய்ய வந்தவ என்று தெரிந்தும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கடைக்குப் பின்வளவில் ஜக் வைத்துத் தூக்கி, கட்டை முண்டுகொடுத்தோம். பக்கத்துக் கராஜ்காரர் ஆணிகளை அடித்துக் கழற்றித் தந்துவிட்டுப் போனார். புஷ்களைத் துடைத்து நான்தான் கிறீஸ் பூசினேன். விரலால் உள்வளையம் முழுக்க. "வடிவாப் பூசுறியள் அக்கா, ஒரு இடமும் விடேல்லை" என்றா. திரும்பப் பூட்டி, லொறியை நிலத்தில் இறக்கி, பாரம் சில்லில் வந்தபிறகு ஸ்பனரில் செருகிய பைப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆணிகளை இறுக்கினோம். எனக்குக் கால் வழுக்கி அவவின் மேல் சாய, இருவரும் சிரித்துவிட்டோம்.

கடற்கரை வீதியில் ஒருதரம் ஓடிப் பார்த்தோம். ஒரு சத்தமுமில்லை. கடற்காற்று மட்டும்தான். துறையில் நின்ற இடத்திலேயே கொண்டுபோய் விட்டோம்.

பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். இனி என்ன சாட்டுச் சொல்லிக்கொண்டு போவார்?

ஓகஸ்ட் 12, திங்கள்

நேற்றுப் பொழுதுபடுகிற நேரம் லொறி வாசலுக்கு வந்ததே தெரியாது. அம்பிகைதான் திடுக்கிட்டு, "அப்பா எப்ப வந்தவர்?" என்றாள்.

அவர் லொறியை ஒருதரம் சுற்றி நடந்துவிட்டுக் குளிக்கப் போனார்.

ஓகஸ்ட் 16, வெள்ளி

சத்தம் நின்றதைப் பற்றி அவர் இன்னும் கேட்கவில்லை. கடைக்கும் போகவில்லை. லொறிக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, குசினி யன்னலில் நான் நிற்பதைக் கண்டதும் டயரைத் தட்டினார்.

ஓகஸ்ட் 20, செவ்வாய்

கேட்டுவிட்டேன். பிள்ளை பள்ளிக்கூடத்தில்.

"சத்தம் நிண்டிட்டுது, என்ன?"

"ஓம்."

"ஆர் நிப்பாட்டினதெண்டு கேக்கேல்லையே?"

கதிரையில் இருந்தார். "நீர்தான் எண்டு தெரியும். கிறீஸ் பக்கற்றைக் காணேல்லை."

"அப்ப ஏன் அதைப் போடாமல் வைச்சிருந்தனீங்கள்? அவவில என்ன கண்டனீங்கள்?"

"ஒண்டுமில்லை. சத்தியமா ஒண்டுமில்லை. அங்க போனால் ரெண்டு கதை கதைக்கலாம்."

"வீட்டில கதைக்க ஆளில்லையோ?"

நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீர் கதைக்கிறேல்லை கோசலா. விசாரிக்கிறீர்."

அழுதேன். பொய் சொன்னது இவர், திட்டு வாங்கினது நான். எந்த ஊர் நியாயம்? சட்டியைப் போட்டு உடைத்திருப்பேன், நல்ல சட்டி எண்டு விட்டேன்.

பின்னேரம் யோசித்துப் பார்த்தேன். இன்று காலையும் நான் அவரிடம் பேசியவை எல்லாம் கேள்விகள்தான். எங்க போறியள், எப்ப வருவியள், ஆர் போனில்.

என்றாலும் கடையில் போய்ச் சிரித்ததை என்னால் மன்னிக்க ஏலாது. இப்போதைக்கு ஏலாது.

செப்டெம்பர் 9, திங்கள்

நிலாந்தினி போன் எடுத்தா. கடையில் தனியாகச் சமாளிக்க ஏலாமல் இருக்காம். "உங்கட கை எனக்குப் பிடிச்சது அக்கா. அரைநாள் எண்டாலும் வாங்கோ."

முதலில் மாட்டேன் என்றேன். பிறகு யோசித்தேன். நான் அங்கே நின்றால் இவர் அங்கே போய்ச் சிரிக்க முடியாது. அதற்காகத்தான் ஓம் என்றேன். வேறொன்றுக்காகவும் இல்லை.

செப்டெம்பர் 25, புதன்

எந்தப் புஷ் எந்த வண்டிக்கு என்று பார்த்தே சொல்கிறேன். நிலாந்தினி எனக்குச் சிங்களம் சொல்லித் தருகிறா. தூஷண வார்த்தைகள் முதலில். கொழும்புக்காரரோடு கதைக்க அதுதான் அவசரமாம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்ல, துஷ்யந்தன் சோற்றுக் கையோடு சிரித்தார். கனகாலத்துக்குப் பிறகு.

அவவின் பெயரைச் சொன்னபோதும் அவர் முகத்தைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க வரவில்லை.

ஒக்ரோபர் 4, வெள்ளி

மழை தொடங்கிவிட்டது. தண்ணிக்கு ஓட்டம் குறைவு. கடை பூட்டும் நேரம் என்னை ஏற்ற வந்தவர், உள்ளே வராமல் வீதியிலேயே லொறியை விட்டுக்கொண்டு இருந்தார். வேலணையிலிருந்து உழவு ரக்டருக்குப் பெல்ட் வாங்க வந்த ஒருவர் பகிடி விட்டுக்கொண்டே நின்றதால் நான் வெளியே வரச் சுணங்கிவிட்டது.

ஏறி இருந்தேன். கொஞ்சத்தூரம் போனபிறகு, வீதியைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஆர் அந்த ஆள்?"

"எந்த ஆள்?"

"உம்மோட சிரிச்சுக்கொண்டு நிண்டவர்."

திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். நாடி இறுகிப்போயிருந்தது. இவ்வளவு நாளும் கண்ணாடியில் நான் பார்த்த முகம்.

பெல்ட் வாங்க வந்தவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், முன்வாயில் பல்லும் இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம்.

சுருவில் கோயிலடி வரும்வரை சொல்லவில்லை.