அரை இஞ்சு

மயிலாப்பூர்
16.6.1998

அன்புள்ள அப்பாவுக்கு மஹதியின் நமஸ்காரம். நாக்பூர் வெயிலில் உங்கள் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? அம்மா வேளைக்கு மாத்திரை தருகிறாளா?

எனக்கு வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. அரைக் கிண்ணம் ரசம் சாதத்துக்கு மேல் சாப்பிட்டால் வாந்திதான். ஆனாலும் ஆறு கிலோதான் குறைந்திருக்கிறது. "சில பேருக்கு மெதுவாத்தான் குறையும்" என்கிறார் டாக்டர்.

சனிக்கிழமை ஒரு வேடிக்கை. ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்க தி.நகர் தையற்காரரிடம் போனேன். இரண்டு தரம் அளந்துவிட்டு, "இன்னாம்மா, அர இஞ்சுதான் கொறஞ்சிகீது. புடிச்சா மூச்சு வுட முடியாது" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். பஸ்ஸில் வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

இனிமேல் குறையும் என்று எனக்குத் தோன்றவில்லை அப்பா. பொங்கலுக்கு அங்கே வந்தபோது நான் யாருக்காவது கொடுத்துவிடச் சொன்ன பெரிய சுடிதார்கள் இன்னும் இருந்தால் பார்சலில் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் எடையைப் பற்றிக் கேட்க வேண்டாம். வீட்டில் என்ன சமையல், யார் வந்தார்கள் என்று எதையாவது சொல்லிக்கொண்டே இருங்கள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சாப்பாட்டு வேளை முடிந்து பாங்க் கவுண்டரில் கூட்டம் நிற்கிறது. போகிறேன்.

மஹதி