அந்தப் பச்சைப் பெட்டி உன்னுடையது அல்ல, எட்வின்

எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்ட என் அன்பு மச்சான் எட்வினுக்கு,

இதிலும் நீதான் முந்திக்கொண்டாய். மேடையில் எப்போதும் எனக்கு ஓரடி முன்னால் நிற்பாய். வயதில் மூத்தவன் நான். முறை என்று ஒன்று இருந்தால் நான்தான் முதலில் கிளம்பியிருக்க வேண்டும். உனக்கு முறை எப்போது தெரிந்தது?

உன் அடக்க ஆராதனைக்கு நல்ல கூட்டம். கோயிலுக்குள் இடம் போதாமல் வெளியே வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டார்கள். எழுந்து பேசியவர்கள் எல்லோரும் உன் கிட்டாரைப் பற்றிப் பேசினார்கள். பேசட்டும். நீ வாசித்தாய், அவர்கள் கேட்டார்கள். ஆனால் கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த ஒருவர் எழுந்து, "எட்வின் அண்ணன்கிட்ட ஒரு பச்சைப் பெட்டி இருக்கும். கச்சேரில எது கெட்டாலும் அந்தப் பெட்டியத் திறப்பாரு, சரியாயிடும்" என்றார். கூட்டம் முழுக்கத் தலையாட்டியது.

நான் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சாவு வீட்டில் எழுந்து நின்று சண்டை போட முடியுமா? வாயை மூடிக்கொண்டேன். அதனால்தான் இப்போது நம் சபை இதழில் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த விஷயம் ஊருக்கும் தெரியட்டும். அந்தப் பெட்டி என்னுடையது.

இன்னொரு சேதி. கோயில் வாலிபர்கள் ஒரு வாத்தியக் குழு ஆரம்பித்திருக்கிறார்கள். போன மாதம் பாட்டு நடுவில் பேஸ் கிட்டாரில் ஒரு கம்பி அறுந்துவிட்டது. மாற்றுக் கம்பி ஒருவரிடமும் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இப்போது அந்தப் பச்சைப் பெட்டி அவர்களுக்கு வேண்டுமாம். மூடியில் ‘எட்வின் நினைவாக’ என்று எழுத வேண்டுமாம். உன் மனைவி லில்லி, என் கூடப்பிறந்த தங்கை, அவளே என்னிடம் வந்து கேட்டாள். நான் என்ன பதில் சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பெட்டியின் கதையைச் சொல்லி முடிக்கிறேன்.

கச்சேரிக்குப் போகிற பேஸ் கிட்டார்க்காரன் என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? இதை நீ ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு கை பிடிக்க வேண்டி வந்திருக்கும்.

எனக்கு பேஸ் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தவர் யாருமில்லை. பல்லாவரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். பழுது பார்த்த ரேடியோவின் மரப்பெட்டியில் காதை ஒட்டவைத்து, பாட்டுக்கு அடியில் ஓடும் அந்தத் தடித்த சத்தத்தைப் பிடித்துக்கொண்டேன். ஆம்ப்ளிஃபையரை நானே கட்டினேன். கட்டியவனுக்குத்தான் அது எங்கே காலை வாரும் என்று தெரியும். அதனால்தான் பெட்டி.

உடையாமல் இருக்கப் பழைய கம்பளிச் சாக்ஸுக்குள் ஆம்ப்ளிஃபையரின் மாற்றுக் கண்ணாடி வால்வு. ஒயர் ஒன்று போதும் என்றால் இரண்டு. ஃபியூஸ் கம்பி, டெஸ்டர், குறடு, டார்ச், பற்றவைக்கிற கோல், ஈயம். ஒரு மண்டபத்து பிளக் இன்னொரு மண்டபத்தில் பொருந்தாது. அங்கே ஒயரின் நுனியை உரித்துத் துளைக்குள் விட்டு, நழுவாமல் இருக்கத் தீக்குச்சியைச் செருக வேண்டும். பீடி, சிகரெட் தொடாதவன் பெட்டியில் தீப்பெட்டி எதற்கு என்று ஆயர் எங்கள் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். பிறகு ஒரு செங்கல். பலகை மேடையில் ஆம்ப்ளிஃபையரை அப்படியே வைத்தால் மேடையே உறுமும், செங்கல் மேல் வைத்தால் அடங்கும்.

மின்சார ரயிலில் பெட்டியை ஏற்றும்போது டிரம்ஸ் வாசித்த பம்மல் சேகர் ஒரு பக்கம் பிடிப்பான். "இன்னா அண்ணாத்தே, பொட்டிக்குள்ள செங்கல்லு கீது? கச்சேரி புடிக்கலன்னு ஜனம் அடிக்கிறதுக்கு முன்னாடி நாம அடிக்கவா?" என்பான். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டே, "மச்சான் வூடு கட்டப் போறாருடா, இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு" என்பாய். ரயில் பெட்டி முழுக்கச் சிரிக்கும். கிட்டாரைத் தவிர உன்னிடம் இருந்தது சட்டைப் பையில் ஒரு சீப்பு.

மழைக்கால மேடையில் மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கும். அதற்காக நின்று வாசிக்க ஒரு மரப்பலகை செய்து கொண்டுவந்தேன். அதன் மேல் நின்றது யார்? நீ பாடுகிறவன், உன் உதடு முக்கியம். நான் ரப்பர் செருப்போடு பின்னால் நின்றேன். கைதட்டல் பலகை வரைக்கும் வரும். செருப்பு வரைக்கும் வராது.

இப்போது கம்பி விஷயத்துக்கு வருகிறேன். இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது. அன்றைக்கு பேஸ் கம்பி இங்கே கடையில் கிடைக்காது. கப்பலில் போய்வருகிறவர்கள் யாராவது கொண்டுவந்தால் உண்டு. அதனால் கழற்றிய கம்பியை எறிய மாட்டேன். கச்சேரிக்கு முந்தின நாள் லில்லியிடம் கொடுப்பேன். அவள் அதை ஒரு பழைய அலுமினியப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைப்பாள். தடித்த கம்பியின் மேல் சுற்று இருக்கும், சுற்றின் இடுக்கில் வியர்வையும் அழுக்கும் அடைந்து சத்தம் மங்கும். கொதித்தால் அழுக்கு கழன்று கம்பி மறுபடியும் கணீரென்று பேசும். அவளே துடைத்து, உலர்த்தி, சுருட்டிப் பெட்டியில் வைப்பாள். அம்மா அடுப்படியில் எட்டிப் பார்த்து, "இடியாப்பம் வெந்துடுச்சாடி?" என்று கேட்பார்கள்.

ஒருநாள் காலையில் அந்தப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே என் கம்பிகள் இல்லை. உன் கிட்டார் கம்பிகள் கொதித்துக்கொண்டிருந்தன. நூல் மாதிரி மெல்லியதைக்கூட விடாமல் போட்டிருந்தாள். மெல்லிய கம்பியில் சுற்றே கிடையாது. அதைக் கொதிக்கவைத்தால் துருப் பிடிப்பதைத் தவிர வேறு லாபம் இல்லை. இது லில்லிக்குத் தெரியும், நானே சொல்லியிருந்தேன்.

"இதை ஏண்டி கொதிக்க வைக்கிற?"

"அவருக்கும் கச்சேரி இருக்கில்ல."

"எவருக்கு?"

அவள் அடுப்பை ஊதினாள். புகையே இல்லாத அடுப்பை ஊதினாள். அதற்கு முந்தின வாரம் வரை நீ அவளுக்கு எட்வின் அண்ணன். நீயும் என்னை முதல் நாளிலிருந்து மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். எல்லாப் பையன்களும் கூப்பிடுகிற மாதிரிதானே என்று நான் சும்மா இருந்துவிட்டேன்.

கைதட்டலை நீ எடுத்துக்கொண்டபோது பொறுத்தேன், பலகையை எடுத்துக்கொண்டபோதும் பொறுத்தேன். என் கம்பி கொதிக்கிற பாத்திரத்தில் உன் கம்பியைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. ஆறிவிட்டது என்று உன் கல்லறைக்கு முன்னால் பொய் சொல்ல மாட்டேன். அவள் கொதிக்கவைத்த கம்பி துருப் பிடித்து அடுத்த கச்சேரியிலேயே அறுந்ததே, நினைவிருக்கிறதா? திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டினாய். புதுக் கம்பியை அந்தக் கையில் வைத்தது நான்தான்.

கல்யாணம் ஆனது. செலையூர் பக்கம் நீங்கள் வீடு எடுத்தீர்கள். அங்கே பெரிய அறை இருந்ததால் ஒத்திகை உன் வீட்டுக்கு மாறியது. ஒத்திகையோடு பெட்டியும் போனது. தங்கையும் போய், பெட்டியும் போய், நான் எங்கள் வீட்டில் வெறும் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தேன். வீடு மாறினால் பெட்டிக்குச் சொந்தக்காரன் மாறிவிடுவானா?

பிறகு அந்தக் கூடுவாஞ்சேரிக் கல்யாண வரவேற்பு. அதற்குப் பிறகுதான் ஊர் அதை உன் பெட்டி ஆக்கியது. சாயந்திரம் பந்தல் நிறையக் கூட்டம். நீ பாடிக்கொண்டிருக்கும்போது மொத்தக் கரண்டும் போனது. நான் பெட்டியைத் திறந்து டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மேடைக்கு அடியில் போனேன். மேலே நீ மைக் இல்லாமல், கிட்டாரைத் தட்டித் தாளம் போட்டு, கூட்டத்தையே உன்னோடு பாடவைத்தாய். மேடைக்கு அடியில் சேற்றில் படுத்தபடி அதைக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், நான் வாசிக்காமலே நன்றாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

எரிந்துபோன ஃபியூஸுக்குப் புதுக் கம்பி கட்டிச் செருகினேன். விளக்கு எரிந்த நேரத்தில் நீ கையை மேலே தூக்கியிருந்தாய். நீ தூக்கித்தான் விளக்கு வந்த மாதிரி பந்தல் அதிர்ந்தது. பெண்ணின் அப்பா உனக்குச் சால்வை போர்த்தினார். "என்னப்பா இந்தப் பெட்டி, மந்திரவாதி பெட்டி மாதிரி?" என்று கேட்டார். நீ, "நம்ம பெட்டி சார், இதுல இல்லாதது இல்ல" என்றாய். நான் சட்டை முழுக்கச் சேற்றோடு பக்கத்தில் நின்றேன். என்னைப் பந்தல்காரர் என்று நினைத்து, "தம்பி, அந்த டியூப் லைட்டையும் கொஞ்சம் பார்த்துடுங்க" என்றார் அவர்.

நம்ம பெட்டி. அந்த வார்த்தையைக்கூட நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் பெட்டி.

போன வாரம் லில்லி வந்தாள் என்றேனே. நீ போன பிறகு இளைத்துவிட்டாள். சண்டையில் மட்டும் இளைக்கவில்லை. பெட்டி என் அறையில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, நீ வாசிப்பதை நிறுத்தியதும் நான் திரும்பத் தூக்கி வந்தது.

"அண்ணா, பசங்க கேக்கறாங்க. குடுத்துடு. அவர் பேர எழுதிடலாம்."

"பெட்டியக் குடுக்கறேன். அவன் பேர எழுத விட மாட்டேன்."

"செத்தவர் மேல என்னண்ணா உனக்கு?"

"செத்தா மட்டும் என் பெட்டி அவன் பெட்டி ஆயிடுமா?"

அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பெட்டியை வெளியே இழுக்கவில்லை, திறக்கவும் இல்லை.

"இடது மூலைல தீப்பெட்டி, ஈரம் படாம மெழுகுத்தாள்ல சுத்தி. அதுக்குக் கீழ ஃபியூஸ் கம்பி. வால்வு சாக்ஸுக்குள்ள, சாக்ஸ் செங்கல் மேல இடிக்காம நடுவுல துண்டு. உன் கம்பி வலது பக்கம், அவர் கம்பி இடது பக்கம், மாத்தி எடுத்துடக் கூடாதுன்னு. கச்சேரி முடிஞ்சா ரெண்டு பேரும் பெட்டியக் கொண்டாந்து வாசல்ல போட்டுட்டுப் போயிடுவீங்க. தீர்ந்ததப் பார்த்து மறுபடியும் ரொப்பி வெச்சது யாரு? நீ மேடைக்கு அடியில போன அன்னிக்கு டார்ச்சுல புது செல் இருந்துச்சே, அதப் போட்டது யாரு? ரெண்டு பேரும் என்கிட்ட ஒருநாளாவது கேட்டீங்களா?"

"பெட்டி வாங்கினது நான்" என்றேன்.

"வாங்கினது நீதான், வெச்சுக்கோ" என்று எழுந்து போய்விட்டாள். காபி கூடக் குடிக்கவில்லை.

அவள் போன பிறகு பெட்டியை இழுத்துத் திறந்து பார்த்தேன். அவள் சொன்னபடியே இருந்தது. இத்தனை வருஷம் நான் அதைக் கலைக்கவே இல்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மேடையில் நான் கை விட்ட இடத்தில் எல்லாம் நான் தேடிய பொருள் இருந்தது. அது என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். நீயும் கையைப் பின்னால் நீட்டியபோது அப்படித்தானே நினைத்திருப்பாய்?

நான் தோற்றுவிட்டேன் என்று நினைக்காதே. பெட்டி உன்னுடையது அல்ல என்று தலைப்பிலேயே எழுதிவிட்டேன், அதிலிருந்து இறங்க மாட்டேன். ஆனால் நேற்று கடைக்குப் போய் ஒரு சின்ன டப்பா வெள்ளைப் பெயிண்ட் வாங்கினேன். வயதான கை, எழுத்து கொஞ்சம் கோணல்தான். மூடியில் ‘லில்லி’ என்று எழுதியிருக்கிறேன். உன் பெயர் இல்லை. அதற்காக என் பெயரையும் விட்டுவிட்டேன். நம் இரண்டு பேருக்கும் முதல் முறையாகச் சமமான கைதட்டல்.

அவளுக்கு இன்னும் தெரியாது. இதழில் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள். படித்துவிட்டு, யாரைக் கேட்டு எழுதினாய் என்று என்னிடம் சண்டைக்கு வருவாள். வரட்டும். அந்த முறையாவது காபி குடிக்கவைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். பிறகு நானும் உன் பக்கம் வருவேன், அதிக நாள் ஆகாது. இந்த முறை வெறுங்கையோடு வருவேன், இது சத்தியம். ஒயர், ஃபியூஸ், கம்பி, செங்கல் எல்லாவற்றையும் நீயே தேடி எடுத்து வை. பலகை ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் அதில் நான் நிற்பேன்.

உனக்குப் பெண்ணைக் கொடுத்த, பெட்டியை மட்டும் கொடுக்காத
உன் மச்சான்,
ஞானமுத்து