ஆறு பாட்டரிகளும் பெந்தெகொஸ்தே ஞாயிறும்

20 மே 1985, திங்கள்

காலையிலிருந்து பனிமூட்டம். பத்து மணிக்கும் கேட் தெரியவில்லை. துணி எதுவும் காயவில்லை.

பாட்டரி வண்டி இன்றும் அசையவில்லை. சாவியைத் திருப்பி மிதித்தால் ஒரு முனகல், அவ்வளவுதான். நேற்றோடு இரண்டு ஞாயிறு பூசை போயிற்று. இருபத்திரண்டு வருடங்களாக நான் உட்கார்ந்த ஆர்கன் பெஞ்சில் இரண்டு வாரமாக மிடில் ஸ்கூல் டீச்சர் ஃபிலோமினா. தாளம் ஓடுகிறதாம். அதுவும் ஹை ஹீல்ஸ் போட்டுக்கொண்டு காற்று ஏற்றும் பெடலை மிதிக்கிறாளாம்.

மாலை புது ஃபாதர் வந்தார். பிஸ்கட் மூன்று சாப்பிட்டார். ஏரியைப் பற்றி, சீசன் கூட்டத்தைப் பற்றி, என் முழங்காலைப் பற்றிப் பேசினார். பிறகு விஷயத்துக்கு வந்தார். வருகிற ஞாயிறு பெந்தெகொஸ்தே திருநாள், பிஷப் வருகிறார், கடைசி நேரத்தில் தடுமாற முடியாது. ஃபிலோமினாவையே நிரந்தரமாகப் போட்டுவிடலாமா என்று ஒரு யோசனை. அல்லது நாலு பேரை நாற்காலியோடு அனுப்பி என்னைத் தூக்கி வரச் சொல்லலாம்.

நாற்காலியில் தூக்கிக்கொண்டு போவது மாதா சுரூபத்தை என்று சொன்னேன். ஞாயிறு ஒன்பதே முக்காலுக்கு நான் பெஞ்சில் இருப்பேன், இல்லாவிட்டால் அந்தப் பெஞ்சு அவளுக்கே என்றும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. சொன்னதுதான்.

21 மே, செவ்வாய்

தூறல். முழங்கால் இரண்டும் வீக்கம்.

நானே பார்த்தவை:
சுவர் பிளக் – ரேடியோவைச் செருகினேன், பாடியது.
கரண்டை அமெரிக்க அளவுக்குக் குறைக்கும் இரும்புப் பெட்டி – சூடாகிறது. சரி.
சார்ஜர் ஃபியூஸ் – அறுந்துபோகவில்லை.
பாட்டரித் தண்ணீர் – ஆறு பாட்டரி, பதினெட்டுக் குழி, எல்லாவற்றிலும் சரியான மட்டம். டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதுவும் ஊற்றியதில்லை.
முனைகள் – துளி பச்சைக் களிம்பு கிடையாது. சனிதோறும் சமையல் சோடாவில் துடைப்பது நான்.

முன்பெல்லாம் சார்ஜரைச் செருகியதும் 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு ரீங்காரம், முள் மேலே ஏறும். இப்போது டக் இல்லை. முள் படுத்தே கிடக்கிறது.

ரோசம்மாவைக் கேட்டேன். போன மாதம் வண்டியைப் பால் டிப்போவுக்கு எடுத்துக்கொண்டு போனாயா? இல்லை என்றாள். சத்தியமாகவா? பாத்திரத்தைச் சத்தமாகத் தேய்க்க ஆரம்பித்தாள். பதினாறு வருடம் என் சமையலறையில் இருப்பவள். சாவியை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

பிற்பகல் வயர்மேன். மழைக்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து, சார்ஜரை இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே கம்பிச்சுருள் எரிந்துவிட்டது, மதுரைக்குத்தான் அனுப்ப வேண்டும், மூன்று வாரம் என்றார். எரிந்தால் வாடை வருமே என்றேன். அதற்குப் பதிலாக ஒரு கேள்வி.

"கோல்ஃப் ஆடுற வண்டிதானம்மா இது? இத வச்சு எப்படிக் கோயிலுக்குப் போறீங்க?"

டாக்சி இந்தக் கல்பாதையில் நுழையாது, இது நுழையும், அதனால் போகிறேன். பக்கத்து பங்களா வில்ஸ்டன் துரை அமெரிக்காவுக்குத் திரும்பும்போது எனக்கென்று கொடுத்துவிட்டுப் போனது. இதையெல்லாம் வயர்மேனுக்கு விளக்க வேண்டிய தலையெழுத்து.

ரப்பர் செருப்புச் சேறு ஹாலில். ரோசம்மா இரண்டு தடவை துடைத்தாள்.

22 மே, புதன்

பதினொரு மணிக்கு வெயில், பத்து நிமிடம்.

மூஞ்சிக்கல்லில் லாரி பாட்டரி சார்ஜ் போடும் சவரிமுத்து என்பவர் வந்தார். ரோசம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள், என்னைக் கேட்காமல். ஐம்பது வயதிருக்கும். சிலோனில் தேயிலை ஃபாக்டரியில் மோட்டார் பார்த்தவராம், எழுபத்துநாலில் இந்தப் பக்கம் வந்தவர். என்னைத் தொரசாணியம்மா என்கிறார். நான் எந்தத் துரைக்கும் சாணி அல்ல, மிஸஸ் தேவசகாயம் என்றேன். சரிங்க தொரசாணியம்மா என்றார்.

கரண்ட் நின்றது. குழிக்குள் பார்ப்பதற்காக மெழுகுவர்த்தியைக் கொண்டுபோனேன். பாய்ந்து வந்து ஊதி அணைத்துவிட்டார். பாட்டரியிலிருந்து வரும் வாயு பற்றிக்கொள்ளுமாம். என் வீட்டில் என் கையிலிருக்கும் மெழுகுவர்த்தியை இதுவரை யாரும் ஊதி அணைத்ததில்லை.

ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு குழியிலும் அமிலத்தை உறிஞ்சி, உள்ளே மிதவை எவ்வளவு எழும்புகிறது என்று பார்த்தார். எதிலும் சரியாக எழும்பவில்லை. ஒரு மணி நேரம். அதன் பிறகு சொன்னது: சார்ஜரில் ஒரு கோளாறும் இல்லை. வண்டியில் கொஞ்சமாவது கரண்ட் மிச்சம் இருந்தால்தான் அது விழித்துக்கொள்ளும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆறு பாட்டரியும் அடிமட்டத்தில் கிடக்கின்றன, அதனால் டக் இல்லை.

எனக்கு ஒரே சந்தோஷம். வயர்மேனைப் பற்றி நான் நினைத்தது சரி.

பிறகு கேட்டார், எத்தனை மணிக்குப் போடுவேன், எத்தனை மணிக்கு நிறுத்துவேன் என்று. மாலை ஆறுக்குப் போடுவேன், ஒன்பதுக்கு நிறுத்துவேன் என்றேன். ஒன்பதுக்கு மேல் என் வீட்டில் எதுவும் எரியாது, எதுவும் ஓடாது. போர்டிங்கில் மதர் பழக்கியது: ஆள் தூங்கும்போது நெருப்பும் தூங்க வேண்டும். நாலு வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை என்றும் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் குழாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஆறுலருந்து ஒம்பது ஊரே ஹீட்டர் போடுற நேரமுங்க, ஓட்டல் பூரா வெந்நி. அப்ப வர்ற கரண்டே பாதிதான். அதுலயும் மூணு மணி நேரம். இதுக்குப் பத்துப் பன்னெண்டு மணி நேரமாச்சும் வேணும். மேல பாத்தா பீடத்துச் சாமான் மாதிரி பளபளன்னு வச்சிருக்கீங்க தொரசாணியம்மா. உள்ள நாலு வருசப் பட்டினி."

அரை வயிற்றிலேயே வைத்திருந்ததால் தகடுகளில் உப்பு படிந்து இறுகிவிட்டதாம். குளிரால் வண்டி சோர்கிறது என்று இத்தனை வருடம் நான் நினைத்தது தப்பு.

அவர் போன பிறகு வில்ஸ்டன் டைப் அடித்துக் கொடுத்த விதிகளை எடுத்துப் பார்த்தேன். பதினோரு விதிகள். எல்லாவற்றுக்கும் கீழே என் சிவப்புக் கோடு, மூன்றாவது தவிர. மூன்றாவது: சார்ஜர் தானாக நிற்கும்வரை நிறுத்தக் கூடாது. படிக்காமல் இல்லை. அது எனக்குச் சொன்னது அல்ல என்று வைத்துக்கொண்டேன்.

தலைவலி. கஞ்சி மட்டும்.

23 மே, வியாழன்

சவரிமுத்து தன் லாரி சார்ஜரைச் சுமந்துகொண்டு வந்தார். ஒரு தடவைக்கு இரண்டு பாட்டரி. ஒரு ஜோடிக்கு ஒரு பகல், ஒரு ராத்திரி. வியாழன், வெள்ளி, சனி. கணக்குச் சரியாக ஞாயிறு காலையில் முடிகிறது. மழையும் கரண்ட் கட்டும் கணக்கில் இல்லை.

இன்று கரண்ட் மூன்று தடவை நின்றது.

ராத்திரி நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பு. ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், அதுவும் கண்டிப்பு. கார் ஷெட் வீட்டை ஒட்டியில்லை என்பது ஒரு ஆறுதல்.

கடிதம் எழுத வேண்டும் – சித்தூர் மைனி. பூண்டிக் காரட் சொத்தை, திருப்பி அனுப்பியாயிற்று. உல்லன் சாக்ஸ் ஒன்று காணோம்.

ஃபிலோமினா கேட் வரை வந்து, பிஷப் பூசைக்கான பாட்டுகளின் பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போனாள். "ஆன்ட்டி வர்றீங்கன்னா நான் வாசிக்கல, வரலன்னா வாசிக்கிறேன். எனக்கு எதுன்னாலும் சரி." எதானாலும் சரி என்று எப்படி ஒருத்தியால் சொல்ல முடிகிறது? காணிக்கைப் பாட்டு ஜி சுருதியில் என்று எழுதியிருக்கிறாள். எஃப்-தான். திருத்தி வைத்தேன்.

25 மே, சனி

நேற்று எழுதவில்லை. கோபம்.

நேற்று பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. மூன்றாவது ஜோடிக்குத் தனியாக ராத்திரி கிடைக்காது. போதாததற்கு நாலாம் பாட்டரியில் ஒரு குழி செத்துவிட்டது. மற்ற குழிகள் கொப்பளிக்கின்றன, அது மட்டும் கிணறு மாதிரி அசையாமல். புதுசு மதுரையிலும் கிடைக்காது, சொல்லி வரவழைக்க வேண்டும்.

மாலை சவரிமுத்து எல்லாவற்றையும் வண்டியில் மாட்டினார். என் சார்ஜரைச் செருகினோம். டக். முள் எழுந்தது. ரோசம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

சவரிமுத்துவின் தீர்ப்பு: "எறக்கத்துல போயிரும். கோயிலுக்கு முன்னாடி அந்த மேடு ஒண்ணு கெடக்குல்ல, அதுதான். அமுக்கி மிதிக்காதீங்க. நின்னுட்டா நின்னதுதான், மிதிச்சு மிதிச்சுப் பாக்கக் கூடாது." அவருக்குக் காலையில் வத்தலக்குண்டில் சோலி. வர முடியாது.

நாற்காலியை அனுப்பட்டுமா என்று ஃபாதர் கேட்டனுப்பினார். வேண்டாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

மணி பத்து. என் சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடட்டும்.

26 மே, ஞாயிறு

மழை இல்லை. காற்று.

வெள்ளனே எழுந்து நீலப் பட்டு. ஒன்பதுக்குக் கிளம்பினோம். ரோசம்மா பாட்டுப் புத்தகங்களோடு கூடவே நடந்தாள், வண்டி அந்த வேகம்தான். இறக்கம் முழுக்க அருமையாகப் போனது. இரண்டு டூரிஸ்ட்டுகள் போட்டோ எடுத்தார்கள்.

மேட்டில் பாதி தூரம். முனகல். நின்றது.

மிதிக்கவில்லை. சொன்னபடி கேட்டேன். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஒன்பது இருபத்தைந்து. மேட்டின் மேல் மணிக்கூண்டு தெரிகிறது, பார்த்தால் இருநூறு கஜம்கூட இல்லை.

"எம்மேல சாஞ்சுக்கங்கம்மா," என்றாள் ரோசம்மா. சாய்ந்தேன். குடையை ஒரு கையில் ஊன்றிக்கொண்டு. பத்து அடி, நிற்பது. பத்து அடி, நிற்பது. எத்தனையாவது நிற்பு என்று தெரியவில்லை, வண்டியை நீ தொடவில்லை, அது என்னால் கெட்டது, உன்னைச் சொன்னது தப்பு என்றேன்.

"தெரியும்மா. பேசிப் பேசி மூச்ச வீணாக்காதீங்க. வெரசா நடங்க."

கதவுக்குள் நுழையும்போது ஒன்பது ஐம்பது. ஐந்து நிமிடம் தாமதம். ஃபிலோமினா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், மூடியைத் திறந்து வைத்து. என்னைப் பார்த்ததும் எழுந்து ஓரமாக நின்றாள். நான் சொன்ன நேரம் தாண்டிவிட்டது என்று அவளுக்கும் தெரியும். ஃபாதருக்கும் தெரியும். உட்கார்ந்துவிட்டேன்.

பிஷப் பவனி வாசலில். வருகைப் பாட்டு. இரண்டு கையையும் வைத்தேன். சத்தமே இல்லை. கால் மிதிக்கவில்லை. பெடல் மேல்தான் பாதம் இருக்கிறது, முழங்காலுக்குக் கீழே எனக்கு ஒன்றும் இல்லாதது மாதிரி. கோயில் முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. மறுபடி அழுத்தினேன். காற்று ஏறவில்லை. எழுந்துவிடலாம் என்று கையை எடுத்தேன்.

ஃபிலோமினா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றித் தள்ளிவிட்டு, என் பாதங்களைத் தன் காலாலேயே ஒதுக்கி, மிதிக்க ஆரம்பித்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. "ம், வாசிங்க ஆன்ட்டி."

வாசித்தேன். பூசை முழுக்க அவள் மிதித்தாள், நான் வாசித்தேன். காணிக்கைப் பாட்டு எஃப்-இல். கேள்விப்பட்டது பொய், அவள் தாளம் ஓடவில்லை. வாசகத்துக்குப் பின் வரும் சங்கீர்த்தனத்தில் ஓடியது நான்தான்.

முடிந்ததும் அடுத்த ஞாயிறு எப்போது வர வேண்டும் என்று கேட்டாள், மூடியை மூடிக்கொண்டே. ஒன்பதரைக்கு வரச் சொன்னேன். அந்தச் செருப்பு இல்லாமல்.