வெள்ளிக்கிழமைப் படிவங்கள்

குருநகர், யாழ்ப்பாணம்
17 ஓகஸ்ட் 2025

அன்பு மகள் றொசாந்திக்கு,

எனக்கு அறளை பெயர்ந்து புத்தி தடுமாறிவிட்டது என்று பக்கத்து வீட்டுக் கத்தரீனா உன் தம்பி ஜெனிஸ்ரனுக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள். அவன் உனக்கும் சொல்லியிருப்பான். அது சரியல்ல. எழுபத்தெட்டு வயதில் எனக்குப் பிசகுவது முழங்கால் மட்டும்தான். இந்த இரண்டு கிழமையில் பத்தொன்பது வீடுகளுக்குப் போய், ஏழு வருடத்துக்கு முந்தி உன் ஆய்வுக்காக நான் படிவம் நிரப்ப வந்த கிழமையில் மீன், மச்சம் சாப்பிட்டீர்களா என்று விசாரித்தது உண்மை. காரணத்தை அவளுக்கு நான் சொல்லவில்லை. அவளுக்கு முன்னே அறிய வேண்டியவள் நீ.

மற்றப்படி சுகமாக இருக்கிறேன். நீ சொன்னபடி இரவில் சோற்றை விட்டதிலிருந்து மூன்று கிலோ குறைந்திருக்கிறது. இரத்தத்தில் சீனியும் இறங்கியிருக்கிறது. அப்பாவின் கல்லறைக்குப் புதிதாக வெள்ளை அடித்தாயிற்று. குளிர்நாட்டிலிருந்து நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்தது. இந்த வெயிலில் அதை எங்கே போடுவது என்று தெரியவில்லை, ஆனால் தையல் நேர்த்தியாக இருக்கிறது.

உன் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நான் ஒரு கொப்பியில் எழுதிவருவது உனக்குத் தெரியும். உடற்பருமன் பற்றியும் உடல் சாப்பாட்டை எரிக்கும் அனுசேபம் பற்றியும் நீ எழுதிய கட்டுரைகள் எத்தனை, அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று ஜெனிஸ்ரன் பார்த்துச் சொல்ல, நான் மையால் எழுதுவேன். இந்த வருடம் கட்டுரைகள் நாற்பத்தொன்று. அதிகம் எடுத்துக்காட்டப்பட்டது நம்முடைய கோயில் பங்குப் பெண்களைப் பற்றியது: இருநூற்றுப் பதினான்கு முறை. பேராசிரியர் பதவிக்கான விண்ணப்பத்தில் அதைத்தான் முதலில் வைக்கிறாய் என்று சொன்னாய். கேட்டு நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

இந்த மாதத் தொடக்கத்தில் மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஒரு தாதி வந்து துண்டுப்பிரசுரம் கொடுத்தாள். உன் கட்டுரையிலிருந்து எடுத்தது என்று கீழே உன் பெயர் இருந்தது. நான் எழுந்து நின்று உரக்க வாசித்தேன். இப்பகுதிப் பெண்கள் கிழமைக்கு ஒரு தடவைகூட மீன் உண்பதில்லை, நீரிழிவைத் தவிர்க்க அவர்களை மீன் உண்ணப் பழக்க வேண்டும் என்று அதில் இருந்தது. வாசித்து முடித்ததும் கத்தரீனா சொன்னாள்:

“மூண்டு தலைமுறையா வலை இழுக்கிற சனத்துக்கு மீன் தின்னப் பழக்கப்போகினமாம். ரீச்சர், உங்கடை மகள் எங்கடை சட்டியை எப்ப எட்டிப் பாத்தவ?”

எல்லோரும் சிரித்தார்கள். தாதியும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. உன்னைக் காப்பாற்றிப் பேச வேண்டும் என்று வீட்டுக்கு வந்து, படிவங்களின் பிரதிகளை அலுமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் திகதிகள் கண்ணில் பட்டன.

2018 பெப்ரவரி 23 முதல் மார்ச் 23 வரை, ஐந்து வெள்ளிக்கிழமைகள். பெண்கள் எல்லோரையும் ஓரிடத்தில் பிடிக்கலாம் என்று சிலுவைப்பாதை முடிந்தவுடன் நானே ஏற்பாடு செய்தேன். தவக்காலம், மகளே. அந்த நாற்பது நாளும் இங்கே பிடித்த மீனை விற்பார்களே தவிர, அநேக வீடுகளில் சட்டியில் வைக்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை ஒருசந்தி, ஒருநேரச் சாப்பாடுதான். கடந்த ஏழு நாளில் என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்டேன். அவர்கள் உண்மையைச் சொன்னார்கள். நானும் உண்மையையே எழுதினேன். படிவத்தின் கடைசிக் கேள்வி, விசேட குறிப்பு ஏதும் உண்டா என்பது. நூற்றுப் பன்னிரண்டு படிவங்களிலும் என் முத்தான கையெழுத்தில் “இல்லை” என்று இருக்கிறது.

ஆகவே பிழை என்னுடையது. நான் போய்க் கேட்ட பத்தொன்பது பேரில் பதினாறு பேர் அந்தக் கிழமைகளில் மச்சம் தொடவில்லை என்கிறார்கள். அன்று அளவெடுக்க என்னோடு வந்த வசந்தினி எடுத்த இடுப்பளவுகளில் குற்றமில்லை. தவக்காலத்தில் இடுப்பு சுருங்கிவிடாது. உணவைப் பற்றிய பகுதிதான் நிற்காது. திகதியைப் பார்த்தவுடன் உனக்கு ஏன் தோன்றவில்லை என்று நான் கேட்கவில்லை. பனிக்குள் இருப்பவர்களுக்கு எல்லா வெள்ளியும் ஒன்றுதானே.

ஜெனிஸ்ரனுக்கு மட்டும் சொன்னேன். “அம்மா, உதை ஒருத்தரும் கண்டுபிடிக்கமாட்டினம். அக்காவுக்கு வாற பதவியைக் கெடுக்காதேங்கோ” என்றான். கத்தரீனா படித்தது எட்டாம் வகுப்பு. பிழையைப் பிடிக்க அவளுக்கு ஒரு நிமிடம்தான் எடுத்தது என்று பதில் சொன்னேன்.

இருநூற்றுப் பதினான்கு பேர் என் “இல்லை”யை நம்பி எழுதியிருக்கிறார்கள். விண்ணப்பம் போகும் முன்னே அந்தச் சஞ்சிகைக்குத் திருத்தம் எழுது. என் பெயரைப் போடு, நான் மறுக்கமாட்டேன். அதனால் இந்த முறை பதவி தள்ளிப்போனால், தள்ளிப்போகட்டும். கொப்பியில் அந்த எண்ணை நான் அழிக்கவில்லை. அதற்குக் கீழே ஒரு வரி வெறுமையாக விட்டிருக்கிறேன்.

பெண்களிடம் மறுபடி கேள்வி கேட்கலாமா என்று கேட்டேன். சம்மதம். ஆனால் இந்த முறை படிவத்தோடு ரீச்சர் வரவேண்டாம், ரீச்சரின் மகள்தான் நேரில் வரட்டும் என்கிறார்கள். அடுத்த தவக்காலம் தொடங்கும் சாம்பற்புதன் பெப்ரவரி 18. அதற்கு முந்திய மாதம் கடலில் நல்ல மீன் படும்.

ஆண்டவர் உன் கையையும் மனத்தையும் நேராக வைத்திருப்பாராக. தொலைபேசியில் நீ அழுவாய், நானும் ஏதாவது சொல்லிவிடுவேன். ஆகவே தயவுசெய்து எனக்கு எழுத்தில் பதில் போடு.

என்றும் உன் நலம் வேண்டும்,
அம்மா