படத்தில் நம் வீடு எங்கே

வால்பரைசோ,
ஞாயிறு மாலை

அன்பு மகள் ரொசாவுராவுக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே மற்றதெல்லாம் சௌக்கியம், அந்தக் குளிர் ஊரில் நீயும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நீ வரைந்து அனுப்பிய நம் ஊர்ப் படம் கசங்காமல் வந்தது, கூடத்தில் மாட்டினோம், அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று. நீ கட்டமும் கோடுமாக என்னத்தையோ வரைந்து வைக்க, இந்த மேட்டுத் தெருவே மாலைத் தேநீருக்கு இங்கே வந்து உட்கார்ந்து அவரவர் வீட்டைத் தேடுகிறது, நான் ரொட்டி வெட்டியே ஓய்ந்து போனேன். மஞ்சள் கட்டம் தன் வீடுதான் என்று பின்வீட்டு எர்மெலிந்தா பிடித்துக்கொண்டாள், அதில் நீ இழுத்திருக்கும் கறுப்புத் தீற்றலைக் கண்டதும் முகம் சுருங்கிவிட்டது, ஏன்டி, என் சுவத்து ஈரக்கறையைத்தான் உன் மக ஊருக்கெல்லாம் காட்டணுமா என்று கேட்டுவிட்டுப் போனவள் மறுநாளே ஏணி போட்டுச் சுவருக்கு மறுபடி மஞ்சள் வண்ணம் அடித்தாள், இப்போது படத்திலும் அழி என்கிறாள். மேட்டுக்கு ஆளேற்றி இறக்கும் விஞ்ச் பெட்டியை ஓட்டும் லிசாந்த்ரோ, தண்டவாளத்த இப்படிச் சாய்ச்சா பெட்டி கடல்லதான் போய் நிக்கும் என்று கோபித்துக்கொண்டு நாலாவது ரொட்டியை எடுத்தான். உன் அப்பாவோ, கீழே இருக்கும் சிவப்புப் புள்ளி தான்தான் என்கிறார், கரையில் நின்று மீன் பிடிக்கிறாராம், இந்த மனிதர் பிடித்த மீனை நான் இதுவரை பார்த்ததில்லை.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை கண்ணே. எல்லார் வீடும் இருக்கிறது, நம் பச்சை வீடு இல்லை. கண்ணாடி போட்டும் பார்த்தேன், கழற்றியும் பார்த்தேன், படம் முழுக்கப் பச்சை ஒரு பொட்டுகூட இல்லை. உன் ஊரில் பச்சை வண்ணம் கிடைக்காதோ என்னவோ என்று அப்பா சமாதானம் சொன்னார். பெண் நம்மை மறந்துவிட்டாள் என்று இன்று காலை அடுப்படியில் போய் அழுதேன். மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தால், ஜன்னலுக்கு வெளியே எர்மெலிந்தாவின் மஞ்சள் சுவர், புது வண்ணத்தின் மேலும் கறுப்புத் தீற்றலாக விழுந்து கிடக்கும் நம் கூரை நிழல், லிசாந்த்ரோ திட்டிய அதே சாய்வில் கடலுக்குள் இறங்கும் தண்டவாளம், உன் படம் அப்படியே நிற்கிறது. நம் வீடு எப்படித் தெரியும், நீ அதற்குள்ளே நின்றல்லவா பார்த்திருக்கிறாய். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், வெகுநேரம் பார்த்துவிட்டு, அப்ப அந்தச் செவப்பு நான்தானே என்றார். ஜன்னல் விளிம்பில் நான் பழுக்க வைக்கும் தக்காளி அது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடவுள் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைக்கட்டும். தொப்பி போடாமல் வெளியே போகாதே. அது கறை இல்லை, வெறும் நிழல் என்று எர்மெலிந்தாவுக்கு மறக்காமல் ஒரு வரி எழுதிப் போடு. அந்த ஜன்னலில் நீ நிற்கிற இடம் காலியாகத்தான் இருக்கிறது, சீக்கிரம் வா.

முத்தங்களுடன்,
உன் அம்மா ஓர்த்தென்சியா